எண்ணும் மூச்சும் அழைக்கும் மூச்சும்

நாகூரில் பஸ் ஏறி 'வாஞ்சூர்' என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் ஒரு தினுசாகத்தான் பார்ப்பார். காரைக்கால் எல்லை அங்கே தொடங்குகிறது. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி விலைக்குச் சரக்கு. குறுவை கருகினாலும் சரி, படகு டீசலுக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தாலும் சரி, கவலையை மறக்க வடக்கே பஸ் ஏறுகிற கூட்டம் ஒன்று எங்கள் பக்கம் எப்போதும் உண்டு. அதே வாஞ்சூரில்தான் பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர் நிலத்தடிக் குழிக்குள் நாற்பது நாள் தனித்திருந்து தியானம் செய்தார் என்று நாகூர் நம்புகிறது. உலகம் 'நாகூர் ஆண்டவர்' என்று சொல்கிற, ஊர்க்காரர்கள் உரிமையோடு 'எஜமான்' என்கிற ஷாஹுல் ஹமீது பாதுஷா அவர்.

வாஞ்சூரிலிருந்து தெற்கே திரும்பி, நாகூரையும் நாகப்பட்டினத்தையும் தாண்டிப் போனால் வடக்குப் பொய்கைநல்லூர். கடலோர மணல்மேடு, தென்னை, புன்னை. அங்கே கோரக்கர் சித்தர் சமாதி. கோரக்கருக்குச் சமாதி என்று காட்டப்படும் இடங்கள் பல இருந்தாலும் கீழத் தஞ்சைக்காரர்களுக்கு இதுதான் கோரக்கர் கோயில். ஐப்பசி பரணிக்குக் கூட்டம் தாங்காது. யோகத்துக்கு ஒரு முனை, இறைநாமத்தை ஓதி ஓதி நினைக்கும் திக்ருக்கு ஒரு முனை என்று இந்தச் சின்னக் கடற்கரைத் துண்டிலேயே இரண்டும் இருக்கின்றன. கஷ்டத்தை மறக்கச் சொல்லாமல், அதற்கு எதிரே உட்காரச் சொல்கிற இரண்டு வழிகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருஷமாக ஆசை. இரண்டிலும் கொஞ்சம் காலை நனைத்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

அப்பா இறந்த வருஷம் எனக்குத் தூக்கம் போயிற்று. மூன்று மணிக்கு விழித்துக்கொண்டால் விடியும்வரை விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே, யோகா வகுப்புக்குப் போய்ப் பாருங்களேன் என்றும் சொன்னார். போனேன். அந்த மாடி வகுப்பில் கிடைத்ததும் மாத்திரைதான், வேறு மாத்திரை. திருமூலர் சொன்ன கணக்கு: பூரகம் (இழுப்பது) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது தமிழ் இலக்கணக்காரர்களின் அளவு. எழுத்தை அளக்க வைத்திருந்த கோலையே மூச்சை அளக்கவும் எடுத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். புதிதாகச் சேருகிறவனால் 64 முடியாது. நாங்கள் 4, 16, 8 என்று சுருக்கிக்கொண்டோம். அதுவே முதல் வாரம் நெஞ்சு முட்டியது.

ஆனால் வேலை செய்தது. அதை மறைக்க மாட்டேன். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டும்போது இதயத் துடிப்பு மட்டுப்படுகிறது; பயந்தால் விறைக்கிற நரம்புகள் பின்வாங்கி, ஓய்வுக்கு உரிய நரம்புகள் முன்னே வருகின்றன. உடம்பின் ஏற்பாடு அப்படி. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையை நீட்டிய காட்சி அப்போதும் வந்தது. ஆனால் வந்த காட்சி என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. வந்தது, நின்றது, போயிற்று. பதஞ்சலி சொல்கிற ஐந்து கிலேசங்களில் கடைசியான அபினிவேசம், அதாவது உயிரைப் பற்றிக்கொள்ளும் பற்று, எப்படிப்பட்ட பிடி என்று முதன்முதலாக அன்றைக்கு உடம்பால் தெரிந்தது.

எனக்கு உறுத்தியது அடுத்த பாடம். ஒருநாள் வகுப்பில், வருகிற துக்கத்தைச் சாட்சியாக இருந்து பாருங்கள், அது உங்களுடையது இல்லை, மேகம், கடந்துபோகும் என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா மேகமா? நாற்பது வருஷம் சைக்கிளில் உரமூட்டை கட்டிக்கொண்டு போனவர் மேகமா? வாய் திறக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் போனேன் என்பது வேறு விஷயம். மூச்சு நன்றாக இருந்தது, அதனால்.

அந்த நாட்களில்தான் எங்கள் தெருக்கோடி ராத்தாவிடம் போய் உட்காரும் பழக்கம் ஏற்பட்டது. அம்மாவுக்குச் சிநேகிதி. மகன் பிழைப்புக்காக மலேசியாவுக்குச் சபர் போனவர். சுனாமியில் தங்கை மகளைப் பறிகொடுத்தவர். அசர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவே திண்ணையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பித்தளைச் சொம்பிலிருந்து புளியங்கொட்டைகளைக் கொட்டிக்கொள்வார். தேய்த்துத் தேய்த்துக் கருஞ்சிவப்பு மினுமினுக்கிற கொட்டைகள். தஸ்பீஹ் மணி வீட்டில் இருக்கிறது. இருந்தாலும் கொட்டைதான் அவருக்கு ராசி. ஒரு தரம் ஓதிவிட்டு ஒன்றை இடமிருந்து வலம் தள்ளுவார். 'டொக்' என்று ஒரு சத்தம். இன்னொன்று. நடுவில் மீன்காரி வந்தால் விலை பேசுவார், பேசிவிட்டுத் தள்ளுவார். என் வகுப்பில் இது நடந்திருந்தால் கவனச் சிதறல் என்று சொல்லியிருப்பார்கள்.

"அழுதா தப்பா ராத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரு சொன்னா தப்புன்னு? யாகூப் நபி மகனை நெனச்சு அழுது அழுது கண்ணே வெளுத்துப் போச்சு தம்பி. அவங்களைத்தானே ஸபூருக்கு உதாரணமாச் சொல்றோம்" என்றார்.

இந்த ஒரு பதிலில் எனக்கு இரண்டு வழிகளும் பிரிகிற முச்சந்தி தெரிந்தது. ஸபூர் என்பதை நாம் பொறுமை என்று மொழிபெயர்த்து முடித்துவிடுகிறோம். யாகூப் நபியின் கதையில் பொறுமையும் கண்ணீரும் ஒன்றுக்கொன்று எதிரிகள் இல்லை. அவர் அழுகையை நிறுத்தவில்லை, முறையீட்டை இறைவனிடம் மட்டும் வைத்தார், அவ்வளவுதான். துக்கத்தை விட்டுத் தள்ளி நின்று பார்க்கும் சாட்சி அங்கே இல்லை. துக்கத்துக்குள்ளேயே நின்றுகொண்டு ஒருவனைக் கூப்பிடுகிற குரல் இருக்கிறது.

துக்கம் எங்கே இருக்கிறது என்பதிலேயே இரண்டு பக்கமும் வேறு வேறு படம் வைத்திருக்கின்றன. நாகூரில் எல்லாரும் சொல்கிற கதை: தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர் தீராத நோயில் கிடந்தார். எஜமான் வந்து பார்த்து, அரண்மனையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த ஒரு புறாவைக் கண்டுபிடிக்கச் செய்தார். அதன் உடம்பெங்கும் ஊசி. ஓதி ஓதி ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கப் பிடுங்க, மன்னரின் வலி ஒவ்வொரு பங்காக இறங்கியது. இன்றைக்கும் தர்காவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் புறா விடுகிறார்கள்; மனோராக்களின் மாடங்களில் அவை குடியிருக்கின்றன. இந்தக் கதையில் வேதனை வெளியிலிருந்து குத்தப்பட்ட ஊசி. உன் குற்றம் இல்லை. பிடுங்க ஒரு கை வேண்டும்.

யோகத்தின் படம் நேர்மாறு. ஊசி வெளியே இல்லை. அறியாமை, நான் என்னும் எண்ணம், விருப்பு, வெறுப்பு, உயிர்ப்பற்று எல்லாம் உள்ளேயிருந்து முளைப்பவை. பிடுங்குகிற கையும் உன்னுடையதே. இதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கொடுமையும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிற்று. அந்தத் தாய்மாரிடம் போய், வேதனை உன் மனத்தின் விருத்திகளில் இருக்கிறது என்று யார் சொல்வது? அவர்களுக்குப் புறாக்கதைதான் நியாயமாகப் பட்டிருக்கும். அன்றைக்குக் கடலோரத்திலிருந்து ஓடி வந்தவர்கள் நின்ற இடங்களில் தர்காவும் ஒன்று.

ஆனால் நான் இப்படி ஒரு பக்கம் சாய்ந்து எழுதும்போதே எதிர்சாட்சி ஒன்று கையைப் பிடிக்கிறது. சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முகாம்களில் மனக்காயத்தோடு இருந்த 183 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு யோக மூச்சுப் பயிற்சி மட்டும், இன்னொரு பிரிவுக்கு அதோடு பேச்சுவழிச் சிகிச்சை, மூன்றாவது பிரிவு ஆறு வாரம் காத்திருந்தது. ஆறாவது வாரத்தில் மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் மனக்காயமும் மனச்சோர்வும், காத்திருந்தவர்களோடு ஒப்பிட, தெளிவாக இறங்கியிருந்தன. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் முகாம் முகாமாகப் பிரித்த ஆய்வு என்பதால் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் தத்துவம் எதுவும் பேசாமல், மேகம் கீகம் என்று சொல்லாமல், வெறும் மூச்சை மட்டும் கையில் கொடுத்தபோது அது அந்தத் தாய்மாரிலும் சிலருக்குக் கைத்தடியாக இருந்திருக்கிறது. மூச்சுக்கு வாதம் தேவைப்படவில்லை.

மூச்சு என்று வந்துவிட்டால் இரண்டு வழிகளும் சொந்தக்காரர்கள். சூஃபிகளிடம் 'பாஸே அன்ஃபாஸ்' என்று ஒரு பயிற்சி: மூச்சுக்குக் காவல் என்று பொருள். வெளியே போகும் மூச்சில் 'லா இலாஹ', உள்ளே வரும் மூச்சில் 'இல்லல்லாஹ்'. இல்லை என்பது வெளியேறுகிறது, அவனைத் தவிர என்பது உள்ளே வருகிறது. 'ஹப்ஸே தம்' என்றால் மூச்சை அடக்குதல், நம் கும்பகம். வாசியைத் திருப்பிப் போட்டால் சிவா என்று சித்தர்கள் சொல்விளையாட்டு ஆடியது மாதிரியே இங்கும் மூச்சுக்கும் நாமத்துக்கும் ஒரு கண்ணாமூச்சி நடக்கிறது. இரண்டும் எதேச்சையாக ஒத்துப்போனவை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஷாஹுல் ஹமீது பாதுஷா வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியருக்குப் போய் முஹம்மது கவ்து என்ற ஷத்தாரி வழி சூஃபி குருவிடம் பல வருஷம் பயின்றவர் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. இந்த கவ்து லேசுப்பட்டவர் இல்லை. சுனார் மலைப்பகுதியில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தவம் கிடந்தவர். அவருடைய குவாலியர் அடக்கத்தலத்துக்குப் பக்கத்தில்தான் தான்சேன் அடங்கியிருக்கிறார். எனக்கு முக்கியம் வேறு: 1550 வாக்கில் இவர் பாரசீகத்தில் 'பஹ்ருல் ஹயாத்' என்று ஒரு நூல் எழுதினார். உயிர்க்கடல் என்று சொல்லலாம். அது 'அமிர்தகுண்டம்' என்ற சமஸ்கிருத யோக நூல் அரபிக்குப் போய், அங்கிருந்து இவர் கையில் பாரசீகமாக விரிந்தது. சமஸ்கிருத மூலம் இன்று கைக்கு அகப்படவில்லை. அரபியும் பாரசீகமும் இருக்கின்றன. அதன் நான்காவது அத்தியாயம் முழுக்க ஆசனங்களும் மூச்சும். பின்னாளில் ஜஹாங்கீராகப் போகும் இளவரசர் சலீமுக்காக 1600-ஐ ஒட்டி அலகாபாத்தில் தயாரான படப் பிரதி இப்போது அயர்லாந்தின் டப்ளினில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஜடாமுடி யோகி கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பாரசீக எழுத்து. ஆசன விளக்கத்தைப் படத்தோடு சொல்லும் நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

இன்னும் ஒன்று. அந்த நூல் மரபில் யோகிகளின் குருமார்களுக்கு இஸ்லாமியப் பெயர்களில் உறவு சொல்லப்பட்டிருக்கிறது. மீன் வயிற்றோடு சம்பந்தப்பட்ட மச்சேந்திரர் யூனுஸ் நபியாகிறார். கோரக்கர் யார் தெரியுமா? கிழ்று நபி. சாகாத்தண்ணீர் குடித்தவர், வழிதவறியவர்களுக்கும் கடலோடிகளுக்கும் துணை வருபவர். பொய்கைநல்லூர்க்காரரை நாகூர்க்காரரின் குருவழி நூல் நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருக்கிறது. வடநாட்டு கோரக்நாதரும் நம் கோரக்கரும் ஒருவர்தானா என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போடட்டும். குரு கொடுத்த திருநீற்றை அடுப்பில் போட, சாம்பலிலிருந்து பிள்ளை எழுந்து வந்த கதை தமிழிலும் உண்டு, வடக்கிலும் அதன் சாயலில் உண்டு. (கஞ்சாவுக்குச் சித்த வைத்தியத்தில் 'கோரக்கர் மூலி' என்று பேர் வந்த கதையை இங்கே எடுக்கவில்லை. எடுத்தால் திரும்பவும் வாஞ்சூருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.)

கவ்து மொழிபெயர்த்தபோது என்ன செய்தார் என்பதில்தான் என் ஒப்பீட்டின் உயிர் இருக்கிறது. உட்காரும் விதத்தை மாற்றவில்லை. மூச்சை அடக்கும் விதத்தை மாற்றவில்லை. சக்கரங்களுக்கு உரிய மந்திரங்களுக்கு நேரே அல்லாஹ்வின் திருநாமங்களை எழுதினார். அதாவது உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, கடிதத்தின் மேல் எழுதும் விலாசத்தைத் தன் வீட்டு மொழியில் எழுதினார். விலாசமே இல்லாத கடிதத்தை அவர் எடுக்கவில்லை. யோகிகளின் கடிதத்திலும் விலாசம் இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். பதஞ்சலியிடம் ஈசுவரப் பிரணிதானம் உண்டு. சித்தர்களிடம் குரு உண்டு. பொய்கைநல்லூரில் சமாதிக்கு முன்னால் உட்கார்ந்து கண் மூடுகிறவர்களும் கோரக்கரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மூடுகிறார்கள்.

ஆகவே நான் ஒப்பிடத் தொடங்கிய இரண்டு பொருள்கள் நடுவழியில் கைமாறிவிட்டன. பிரிவு யோகத்துக்கும் திக்ருக்கும் நடுவில் இல்லை. கோரக்கரும் எஜமானும் ஒரு பக்கம். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு விலாசத்தைக் கிழித்துவிட்ட என் மாடி வகுப்பு மறுபக்கம்.

அந்த வகுப்பைக் குறை சொல்வதில் எனக்கு முழு நியாயமும் இல்லை. விலாசத்தைக் கிழித்ததற்குக் காரணம் உண்டு. 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் நாள்பட்ட வலிக்காரர்களுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்த தியானத்திலிருந்தும் ஹடயோகத்திலிருந்தும் எடுத்து, எந்த மதத்துக்காரரும் கூச்சமில்லாமல் உட்காரும்படி சமயப் பெயர்களை நீக்கினார். 1990-இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே வாழ்க்கையின் முழுப் பேரழிவையும் ஏற்று வாழ்வதைப் பற்றியது. கசந்ஜாகிஸ் நாவலின் நாயகன் சோர்பா வாயிலிருந்து எடுத்தது. அந்தப் பொதுவாசல் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குள் தியானம் நுழைந்திருக்காது, எங்கள் டாக்டரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார். இதில் ஒரு வேடிக்கை: அவர் எடுத்த பௌத்தம் நாகப்பட்டினத்துக்குப் பழைய விருந்தாளி. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பினான். ஆனைமங்கலம் ஊர் அதற்கு நிவந்தமாயிற்று. கடலோடிகளுக்குக் கலங்கரை மாதிரி நின்ற கடைசிக் கட்டடத்தை 1867-இல் இடித்தார்கள். இங்கே இடிந்ததில் ஒரு செங்கல் அட்லாண்டிக்கைச் சுற்றிக்கொண்டு, பெயர் மாறி, எங்கள் ஊர் மாடிக்கு ஜமுக்காளத்தோடு வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கத்தையும் ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தர்காவில் போய்க் கேட்பது கூடாது, இறைவனுக்கும் அடியானுக்கும் நடுவில் ஆள் எதற்கு என்று வாதாடும் முஸ்லிம் இளைஞர்கள் உண்டு. சூரிய நமஸ்காரம் என்றதும் நகர்ந்துகொள்பவர்களும், திக்ரு என்றதும் முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவரவர் நியாயம் அவரவர்க்கு. நான் சொல்வது, மூச்சு விலாசத்தோடு போகும்போது துக்கத்தின் வடிவம் எப்படி மாறுகிறது என்பது மட்டும்.

நாகூர் தர்காவின் கந்தூரியில் ஒரு காட்சி அதைக் கண்ணெதிரே காட்டும். பதினான்கு நாள் விழாவில் வாண வேடிக்கையும் சந்தனக்கூடும்தான் ஊரார் கண்ணுக்குத் தெரிந்தவை. அந்த இரைச்சலுக்குள்ளேயே பீர் மண்டபத்தில் ஒரு ஃபக்கீர் நோன்பு பிடித்து உட்காருவார். வெளியே ஒலிபெருக்கியில் நாகூர் ஹனீஃபா பாட்டு, பொரித்துக் குவித்த வாடாவின் இறால் வாசம், பலூன்காரன் பீப்பி. யோக நூல்கள் தியானத்துக்குக் கேட்கிற ஏகாந்தம் அங்கே மருந்துக்கும் கிடையாது. நோன்பு முடிந்து அந்த பீர் கடற்கரைக்கு ஏகும்போது ஊரே கூடப் போகும். அலுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளும் போகும். பொய்கைநல்லூரில் தியானம் முடித்தவர் தனியாக எழுந்து செருப்பைத் தேடுவார். இரண்டில் எது ஆழம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் துக்க வீட்டுக்காரனுக்கு முதல் வருஷம் கூட்டம் வேண்டும், இரண்டாம் வருஷம் மணல்மேடு வேண்டும். வரிசை மாறிப்போனால் கஷ்டம். எனக்கு மாறிப்போயிற்று, மாடியில் கோபம் வந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போதும் சில விடிகாலைகளில் சில்லடிக் கடற்கரைக்குப் போகிறேன். வெட்டாற்று முகத்துவாரத்திலிருந்து படகுகள் கிளம்பும் நேரம். எஜமான் சில்லா இருந்த இடம் என்பதால்தான் சில்லடி என்று பெயர் வந்திருக்கும் என்று தோன்றுகிறது. சில்லா என்றால் நாற்பது நாள் தனியிருப்பு. மணலில் உட்கார்ந்து எண்ணுவேன். 16 வரை சரியாகப் போகும். கும்பகத்தில் 41, 42 என்று வரும்போது எஞ்சின் சத்தத்தில் கணக்குத் தப்பும். முன்பெல்லாம் திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன்.

போன மாதம் ராத்தா வீட்டுத் திண்ணையில் இருந்தேன். மழை பெய்து விட்டிருந்தது. அவருக்கு இப்போது கண் சரியில்லை. கொட்டையைத் தள்ளிக்கொண்டே வந்தவர், இரண்டு குவியலும் கலந்துபோனதைக் கவனிக்காமல் வலப்பக்கத்துக் கொட்டைகளையே மறுபடி இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன்.

"ராத்தா, எண்ணிக்கை தப்பிப் போச்சு."

"தப்பட்டும். எனக்குத்தான் பொழுது போகணும்னு எண்ணுறேன், அவனுக்கா கணக்கு வேணும்?" என்றவர், துணியின் நாலு முனையையும் கூட்டிப் பிடித்துக் கொட்டைகளைச் சொம்புக்குள் சரித்தார். பிறகு மடியிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார். "அலங்கார வாசல் பக்கம் சூடா வாடா போடுவான் தம்பி. நாலு வாங்கிட்டு வாங்க. உங்க அப்பாவுக்கும் ரொம்பப் புடிக்குமே."

மழை விட்ட தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தேன். மனோரா மாடங்களிலிருந்து புறாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன.